கவுண்டிக்கு ஒரே இடம்: வாக்குச்சீட்டை எங்கே கொடுப்பது என்ற அமெரிக்கச் சண்டை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தபாலில் வரும் வாக்குச்சீட்டை எங்கே, எப்படிக் கொடுப்பது என்ற சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஊரிலிருந்து போன் செய்கிறவர்களும் செய்தியில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை என்னிடம் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பெரும்பகுதி டெக்சாஸைப் பற்றியது, அதிலும் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியைப் பற்றியது (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது). 2020-இல் இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது அங்கேதான்.

டிராப் பாக்ஸ்னு சொல்றாங்களே, அது தபால் பெட்டிதானே?

இல்லை. தபால் பெட்டி தபால் துறையுடையது. டிராப் பாக்ஸ் தேர்தல் அலுவலகத்துடையது. வீட்டுக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டை நிரப்பி, உறையில் போட்டு, கையெழுத்திட்டு, தபால்காரரை நம்பாமல் நேராகத் தேர்தல் அலுவலகத்திடமே சேர்ப்பதற்கான வழி அது. பல மாநிலங்களில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய கனத்த எஃகுப் பெட்டியாக இருக்கும். உறை மட்டும் நுழையும் அளவுக்குத்தான் வாய். கையை விட்டு எடுக்க முடியாது. ஊழியர்கள் வந்து திறந்து, எடுத்ததைப் பதிவு செய்துகொண்டு போவார்கள்.

டெக்சாஸில் தெருவோரப் பெட்டியே கிடையாது. அங்கே சண்டை "நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம்" பற்றியது. மேசைக்குப் பின்னால் ஊழியர் உட்கார்ந்திருப்பார். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் உறையை வாங்குவார்கள். உங்கள் சீட்டை நீங்களே கொண்டு போக வேண்டும். மகனோ மனைவியோ உங்களுக்காக எடுத்துப் போக முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

நம்ம ஊர் தபால் ஓட்டு மாதிரிதானா?

கொஞ்சம்தான். இந்தியாவில் தபால் ஓட்டு சிலருக்கு மட்டும்: படையில் இருப்பவர்கள், தேர்தல் பணியில் இருப்பவர்கள் போன்றோர். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது தாண்டியவர்களிடமும் மாற்றுத்திறனாளிகளிடமும் அலுவலர்களே வீட்டுக்குப் போய் ஓட்டு வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு விதி போட்டால் கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் அதுதான்.

அமெரிக்காவில் அப்படி ஒரே ஆணையம் கிடையாது. சட்டம் மாநிலத்துடையது, நடத்துவது கவுண்டி. டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள். ஆரெகான் மாநிலத்தில் எல்லோருக்கும் சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். டெக்சாஸில் தகுதி இருந்தால், கேட்டால்தான் வரும். ஆகவே "அமெரிக்காவில் என்ன விதி?" என்று கேட்டால் பதில் கிடையாது. "எந்த மாநிலம், எந்த வருஷம்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

அதான் தபால்லயே அனுப்பலாமே? எதுக்கு அவ்வளவு தூரம் போய்க் கொடுக்கணும்?

அனுப்பலாம். பெரும்பாலோர் அனுப்பவும் செய்கிறார்கள். ஆனால் 2020 கோடையில் தபால் துறையே பெரும்பாலான மாநிலங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. உங்கள் கெடு நாட்களும் எங்கள் பட்டுவாடா வேகமும் பொருந்தவில்லை, சில வாக்குச்சீட்டுகள் நேரத்துக்கு வந்து சேராமல் போகலாம் என்று. அதே சமயத்தில் கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரங்களைத் தபால் துறை கழற்றிக்கொண்டிருந்தது பெரிய செய்தியானது. கொரோனாவுக்குப் பயந்து வாக்குச்சாவடிக்குப் போக மாட்டேன் என்றிருந்த பெரியவர்களுக்குத் தபாலையும் நம்ப முடியாத நிலை. நேரில் கொடுத்துவிட்டால் அந்தக் கவலை அன்றோடு தீர்ந்தது.

டெக்சாஸில் கெடுவும் இறுக்கமானது. தேர்தல் நாள் மாலை 7 மணிக்குள் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும், மறுநாள் மாலை 5 மணிக்குள் அலுவலகத்துக்கு வந்தும் சேர வேண்டும். கடைசி வாரத்தில் தபாலில் போடுவது சூதாட்டம்தான்.

டெக்சாஸ்ல யாருக்கு மெயில் பேலட் கிடைக்கும்? கிரீன் கார்டு இருந்தா போதுமா?

கிரீன் கார்டு இருந்தால் ஓட்டே கிடையாது. குடியுரிமை வேண்டும். யாராவது "படிவத்தில் டிக் போடு, பரவாயில்லை" என்றால் கேட்காதீர்கள். நாடு கடத்தல் வரைக்கும் போகக்கூடிய விஷயம் அது.

குடிமக்களிலும் எல்லோருக்கும் மெயில் பேலட் (தபால் வாக்குச்சீட்டு) இல்லை. 65 வயது ஆனவர்கள், நோயோ உடல் குறைபாடோ உள்ளவர்கள், வாக்குப்பதிவு நடக்கும் நாட்கள் முழுவதும் கவுண்டிக்கு வெளியே இருப்பவர்கள், தண்டனை உறுதியாகாமல் சிறையில் இருப்பவர்கள் ஆகியோர்தான் முக்கியப் பிரிவுகள். பிரசவத்தை எதிர்நோக்கும் பெண்கள் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். கொரோனா பயம் மட்டும் உடல் குறைபாடு ஆகாது என்று 2020-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இந்தச் சண்டையில் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் உடம்பு முடியாதவர்களும்தான்.

2020-ல ஹூஸ்டன்ல அப்படி என்னதான் நடந்துச்சு?

டெக்சாஸ் சட்டப்படி வாக்குச்சீட்டை நேரில் கொடுப்பதற்குத் தேர்தல் நாள் ஒன்றுதான் உண்டு. 2020 ஜூலை 27 அன்று ஆளுநர் கிரெக் அபாட் (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்த மாநிலத் தலைவர், நம் முதல்வர் போல) ஒரு பிரகடனம் வெளியிட்டார். கொரோனாவை முன்னிட்டு முன்கூட்டிய வாக்குப்பதிவை ஆறு நாள் முன்னதாக, அக்டோபர் 13-இலேயே தொடங்கச் சொன்னார். தேர்தல் நாளுக்கு முன்பே சீட்டை நேரில் கொடுக்கலாம் என்றும் தளர்த்தினார். இதை வைத்து ஹாரிஸ் கவுண்டி 12 இடங்களை ஏற்பாடு செய்தது. ஆஸ்டின் இருக்கும் டிராவிஸ் கவுண்டி 4 இடங்களைத் திறந்தது.

அக்டோபர் 1 அன்று ஆளுநரிடமிருந்து இன்னொரு பிரகடனம் வந்தது. ஒரு கவுண்டிக்கு ஒரே இடம், அங்கும் கட்சிகளின் பார்வையாளர்களை அனுமதிக்க வேண்டும், மறுநாள் முதல் அமல். அதற்குள் சீட்டுகள் தபாலில் போகத் தொடங்கியிருந்தன. சிலர் கொடுத்தும் முடித்திருந்தார்கள். ஹாரிஸில் 12 போய் ஒன்று மட்டும் மிஞ்சியது: ஊரின் தெற்கில், கால்பந்து மைதானத்தை ஒட்டிய என்ஆர்ஜி அரீனா.

அந்தக் கவுண்டியின் அளவைச் சொன்னால்தான் விஷயம் புரியும். சுமார் 4,600 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைப் போலப் பத்து மடங்குக்கு மேல். பதிவு செய்த வாக்காளர்கள் ஏறக்குறைய 24 லட்சம். கிழக்கே பேடவுனில் இருக்கும் ஒரு பெரியவர் என்ஆர்ஜி வரைக்கும் வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், வழியில் ஹூஸ்டன் போக்குவரத்து. பஸ்ஸை நம்பி இருப்பவர் என்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டியதுதான்.

எல்லா கவுண்டிக்கும் ஒண்ணுன்னா அது சமம்தானே? எதுக்குக் கத்துறாங்க?

காகிதத்தில் சமம்தான். மேற்கு டெக்சாஸில் லவிங் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 64 பேர். அங்கும் ஒரு இடம், 47 லட்சம் பேர் வாழும் ஹாரிஸிலும் ஒரு இடம். கல்யாணப் பந்தியிலும் நாலு பேர் சாப்பிடும் வீட்டிலும் ஒரே அளவு பானையை வைத்துவிட்டு "எல்லோருக்கும் ஒரு பானை" என்று சொல்வது போலத்தான் இது.

பெரும்பாலான கவுண்டிகள் ஏற்கெனவே ஒரு இடத்தோடுதான் இருந்தன. அவற்றுக்கு இந்த உத்தரவால் எதுவும் மாறவில்லை. மாறியது ஒன்றுக்கு மேல் வைத்திருந்த சில கவுண்டிகளில் மட்டும். முக்கியமான இரண்டும் ஜனநாயகக் கட்சிக்கு அதிகம் ஓட்டுப் போடும் பெருநகரக் கவுண்டிகள். ஆளுநர் குடியரசுக் கட்சிக்காரர். இதைச் சொல்லாமல் "எல்லோருக்கும் ஒரே விதி" என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

ஆளுநர் பாதுகாப்புக்காகத்தானே சொன்னாரு? அதுல ஒரு நியாயமும் இல்லையா?

பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கட்சிப் பார்வையாளர்களை உட்கார வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் முதல் பதிலைத் திரும்பப் பாருங்கள். இது ஆளில்லாத பெட்டி இல்லை. அடையாள அட்டை பார்த்து, கையெழுத்து வாங்கி, அரசு ஊழியர் கையில் கொடுக்கும் இடம். 12 இடங்களிலும் பார்வையாளரை உட்கார வையுங்கள் என்று சொல்லியிருந்தால் பாதுகாப்பும் கிடைத்திருக்கும், தூரமும் மிச்சமாகியிருக்கும். இடத்தைக் குறைத்ததால் எந்த மோசடி நின்றது என்பதற்கு நீதிமன்றத்திலும் கைக்குப் பிடிக்கும்படியான ஆதாரம் எதுவும் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரகடனத்துக்கு முந்தைய நாள், செப்டம்பர் 30 அன்று, வேறொரு வழக்கில் டெக்சாஸ் அரசின் வழக்கறிஞரே மாநில உச்ச நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாக, ஹாரிஸ் கவுண்டி தன் கிளை அலுவலகங்களில் சீட்டு வாங்குவது சட்டத்துக்கு முரணானதல்ல என்று சொல்லியிருந்தார். ராத்திரி விடிந்ததும் அது ஆபத்தாகிவிட்டது.

அப்போ கோர்ட் ஏன் விட்டுது?

கோர்ட் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, பல கோர்ட்டுகள். அக்டோபர் 9 அன்று ஆஸ்டினில் கூட்டாட்சி நீதிபதி ராபர்ட் பிட்மன் ஆளுநரின் உத்தரவுக்குத் தடை போட்டார். மறுநாளே ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. 12-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் விரிவான காரணங்களோடு அதை உறுதி செய்தார்கள். மூவருமே டிரம்ப் நியமித்தவர்கள். இன்னொரு பக்கம் மாநில நீதிமன்றங்களில் தனி வழக்கு. அங்கே கீழ் நீதிமன்றமும் அதற்கு மேலுள்ள நீதிமன்றமும் ஆளுநருக்கு எதிராகச் சொல்ல, அக்டோபர் 27 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஆளுநர் பக்கம் தீர்த்தது. தேர்தல் நவம்பர் 3. சீட்டைக் கையில் வைத்திருந்தவருக்கு அந்த மாதம் முழுக்கத் தலை சுற்றியிருக்கும்.

ஆளுநர் பக்கத்து வாதத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது லேசான வாதம் இல்லை. சட்டத்தில் இருந்தது தேர்தல் நாள் ஒன்றுதான். ஆளுநர் பல வாரங்களைக் கொடுத்தார். பிறகு அந்தச் சலுகைக்கு ஒரு வரம்பு போட்டார். இரண்டு பிரகடனங்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் வாக்காளருக்குச் சட்டம் தருவதைவிட அதிக வசதிதான் இருக்கிறது, இதை எப்படிக் கட்டுப்பாடு என்பது? நீதிமன்றங்கள் இதைத்தான் ஏற்றுக்கொண்டன.

என் பார்வை வேறு. ஜூலையை வைத்து அளந்தால் கூட்டல், செப்டம்பர் 30-ஐ வைத்து அளந்தால் கழித்தல். வாக்காளர் செப்டம்பர் 30-இல்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

தேர்தல் நெருக்கத்துல விதியை மாத்தக் கூடாதுன்னு ஒரு தீர்ப்பு இருக்காமே?

இருக்கிறது. 2006-இல் அரிசோனா வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பர்செல் கொள்கை என்பார்கள். தேர்தலுக்குக் கிட்டத்தில் விதிகளை மாற்றினால் வாக்காளர் குழம்புவார், ஆகவே கூட்டாட்சி நீதிமன்றங்கள் கை வைக்கக் கூடாது என்பது சாரம். கவனியுங்கள், கட்டுப்படுவது நீதிமன்றம். கடைசி நேரத்தில் விதியை மாற்றும் ஆளுநரை அது கட்டுப்படுத்தாது. அவர் அக்டோபர் 1-இல் மாற்றலாம்; 9-ஆம் தேதி அதைத் தடுக்கும் நீதிபதிதான் "தாமதமாக வந்தவர்" ஆகிறார்.

2013-க்கு முன்னால் கதை வேறாக இருந்திருக்கும். இன அடிப்படையில் வாக்குரிமையை மறுத்த வரலாறு உள்ள மாநிலங்கள், டெக்சாஸ் உட்பட, தேர்தல் விதியை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே மத்திய அரசின் நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 1965 வாக்குரிமைச் சட்டம் சொன்னது. அந்தப் பட்டியலைத் தீர்மானித்த சூத்திரத்தை ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்தது. அதன்பின் விதியை முதலில் மாற்றலாம், வழக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கார்ல இருந்துக்கிட்டே ஓட்டு போட்டாங்களே, அது என்னாச்சு?

அதுவும் ஹாரிஸ் கவுண்டிதான், அதே தேர்தல். 10 இடங்களில் கூடாரம் போட்டு, காரை விட்டு இறங்காமல் வாக்களிக்க ஏற்பாடு செய்தார்கள். சில இடங்களில் ஒரு நாள் இரவு முழுக்கவும் வாக்குச்சாவடி திறந்திருந்தது. மருத்துவமனை, எண்ணெய் ஆலை என்று ஷிப்டில் வேலை செய்பவர்கள் வந்தார்கள். காரிலிருந்தபடி போட்ட சுமார் 1,27,000 ஓட்டுகளைச் செல்லாதவை ஆக்க வேண்டும் என்று சிலர் வழக்குப் போட, தேர்தலுக்கு முந்தைய நாள் கூட்டாட்சி நீதிபதி ஆண்ட்ரூ ஹேனன் அதைத் தள்ளுபடி செய்தார். ஆனால் தேர்தல் நாளன்று கூடாரத்தில் போடுவது செல்லுமா என்பது சந்தேகம் என்றும் சொன்னார். பயந்துபோன கவுண்டி, பத்தில் ஒன்பதை மறுநாள் மூடிவிட்டது.

2021-இல் எஸ்பி 1 என்ற டெக்சாஸ் சட்டம் கார் வாக்குப்பதிவு, இரவு வாக்குப்பதிவு இரண்டையும் தடை செய்தது. அதைத் தடுக்க ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் விமானம் ஏறி வாஷிங்டனுக்கே போய், சபையில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை, செப்டம்பர் 7 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார்.

தெருவுல பெட்டி வச்சா யார் வேணா கள்ள ஓட்டைக் கொண்டுவந்து கொட்டலாமே?

கொட்டலாம், ஆனால் எண்ண மாட்டார்கள். பெட்டிக்குள் விழும் ஒவ்வொரு உறையும் ஒரு பெயருக்குரியது. அந்தப் பெயரில் சீட்டு அனுப்பப்பட்டதா, கையெழுத்தோ எண்ணோ பொருந்துகிறதா, ஏற்கெனவே ஓட்டு விழுந்துவிட்டதா என்று பார்த்த பிறகே உறை பிரிக்கப்படும். 2022-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மாநிலத் தேர்தல் அதிகாரிகளிடம் விசாரித்தது. 2020 தேர்தலில் முடிவைப் பாதித்திருக்கக்கூடிய அளவுக்குப் பெட்டி சார்ந்த மோசடியோ நாசமோ திருட்டோ எங்கும் தெரியவரவில்லை.

அதற்காக நடக்கவே நடக்காது என்றும் இல்லை. கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட் நகரில் 2023 மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தல். 251 ஓட்டு வித்தியாசம். பெட்டிக்கு எதிரே இருந்த நகராட்சிக் கேமராவில், ஒருவர் கட்டுக்கட்டாக உறைகளைப் போடுவது பதிவாகியிருந்தது. நீதிபதி காட்சிகளைப் பார்த்தார், மறுதேர்தலுக்கு உத்தரவிட்டார். அங்கே சட்டம் மீறப்பட்டது மற்றவர்களின் சீட்டை வாங்கி வந்து போட்டதில். பெட்டியை எதிர்ப்பவர்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும், நடந்ததுதான். கேமரா இருந்ததால்தான் பிடிபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே சீட்டுகளைத் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டிருந்தால் பார்த்திருக்க யாரும் இல்லை.

2024-ல பெட்டிக்குத் தீயே வச்சாங்களே?

ஆமாம். அக்டோபர் 28 அதிகாலை, ஆரெகானின் போர்ட்லண்டிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரிலும். போர்ட்லண்ட் பெட்டிக்குள் இருந்த தீயணைப்புப் பொருள் வேலை செய்தது, மூன்று சீட்டுகள்தான் கெட்டன. வான்கூவரில் அது சரியாக வேலை செய்யவில்லை, நூற்றுக்கணக்கில் கருகிவிட்டன. ஊழியர்கள் கருகிய உறைகளில் படிக்க முடிந்த பெயர்களை எடுத்து, அவர்களைத் தேடிப் புதுச் சீட்டு அனுப்பினார்கள். ராத்திரியில் பெட்டிகளைச் சுற்றிப் பார்க்க ஆள் போட்டார்கள். பெட்டிகளையே எடுத்துவிடுவோம் என்று அந்த மாநிலங்கள் யோசிக்கவில்லை. அங்கே வாக்காளர்களில் பாதிப் பேருக்குமேல் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாஷிங்டனில் 15,000 வாக்காளருக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஹாரிஸ் கவுண்டியை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: சுமார் 160 பெட்டிகள்.

பெட்டிக்குப் பக்கத்துல நாமளே நின்னு காவல் காத்தா என்ன தப்பு?

சும்மா நின்று பார்ப்பது குற்றமில்லை. 2022-இல் அரிசோனாவின் மேசா நகரில் நடந்தது வேறு. முகமூடி, குண்டு துளைக்காத கவசம், துப்பாக்கி சகிதமாகச் சிலர் ராத்திரியில் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வருகிறவர்களைப் படம் பிடித்து, கார் எண்ணை எழுதி இணையத்தில் போட்டார்கள். நவம்பர் 1 அன்று கூட்டாட்சி நீதிபதி தடை போட்டார்: பெட்டியிலிருந்து 250 அடிக்குள் துப்பாக்கி தெரியும்படி நிற்கக் கூடாது, 75 அடிக்குள் வரவே கூடாது. மருமகள் சீட்டையும் சேர்த்துப் போட வந்த ஒரு மாமியாரை நினைத்துப் பாருங்கள். அரிசோனாவில் குடும்பத்தாருடையதைக் கொண்டுவந்து போடுவது சட்டப்படி சரிதான். ஆனால் இரண்டு உறைகளைக் கையில் பார்த்ததும் அவர்களுக்கு அவர் குற்றவாளி.

ஜார்ஜியாவுல பெட்டியைக் குறைச்சும் ஓட்டு குறையலையே? அப்போ எல்லாம் வெறும் கூச்சலா?

இது நல்ல கேள்வி. 2021 மார்ச்சில் ஜார்ஜியா எஸ்பி 202 சட்டத்தைக் கொண்டுவந்தது. "புது ஜிம் குரோ" என்று அதிபர் பைடனே சாடினார், பேஸ்பால் ஆல்-ஸ்டார் ஆட்டம் அட்லாண்டாவிலிருந்து டென்வருக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு இடைக்காலத் தேர்தலில் (அதிபர் தேர்தல்களுக்கு நடுவே நாடு முழுக்க நடப்பது) முன்கூட்டிய வாக்குப்பதிவு சாதனை அளவைத் தொட்டது. "பார்த்தீர்களா?" என்று குடியரசுக் கட்சியினர் சிரித்தார்கள். கறுப்பின மக்கள் ஓட்டே போட முடியாமல் செய்த ஜிம் குரோ என்ற இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் இருந்த காலத்தோடு இதை ஒப்பிட்டது எனக்கும் மிகையாகத்தான் பட்டது. இந்தச் சட்டத்தால் 159 கவுண்டிகளிலும் ஒரு பெட்டியாவது கட்டாயமானது. 2020-இல் சில கவுண்டிகளில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியில் முப்பதுக்கு மேல் இருந்த பெட்டிகள் பத்துக்குள் சுருங்கின. வெளியே இருந்தவை கட்டடத்துக்குள் போயின. அலுவலக நேரத்தில்தான் போட முடியும். தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையோடு அவையும் மூடப்படும். அதாவது, இனி தபாலில் போட்டால் சேராது என்கிற அந்தக் கடைசி நான்கு நாட்களில்தான் பெட்டி தேவை, சரியாக அப்போதுதான் அது கிடையாது.

மொத்த எண்ணிக்கை இதற்குப் பதில் சொல்லாது. ஒரு வழியை அடைத்தால் கார் உள்ளவர் வேறு வழியில் போய்விடுவார், கோபத்தில் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போவார். எண்ணிக்கை ஏறும். சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டிலேயே தங்கிவிட்டது அந்த எண்ணிக்கையில் தெரியாது. டெக்சாஸிலும் 2020-இல் பதிவு செய்தவர்களில் 66 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 1992-க்குப் பிறகு அதுவே அதிகம்.

விஸ்கான்சின்ல ஒரு வருஷம் கூடாதுன்னாங்க, அப்புறம் கூடும்னாங்க. சட்டம் மாறுச்சா?

சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நீதிபதி மாறினார். 2022 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று, ஆளில்லாத பெட்டிக்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2023-இல் ஜேனட் புரோட்டசேவிச் வென்று பெரும்பான்மை கைமாறியது. 2024 ஜூலையில் அதே நீதிமன்றம், அதே சட்டம், மறுபடி 4-3: பெட்டி வைக்கலாம், முடிவு அந்தந்த ஊர் கிளார்க்குடையது (அங்கே ஊர்த் தேர்தலை நடத்தும் அதிகாரி).

அப்புறம் நடந்ததுதான் கூத்து. வாசாவ் நகர மேயர், இன்னும் பயன்பாட்டுக்கு வராத, தரையில் பொருத்தப்படாத பெட்டியை, தலையில் பாதுகாப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, தள்ளுவண்டியில் தானே ஏற்றி நகராட்சிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். போட்டோவும் எடுத்துக்கொண்டார். சில நாட்களில் கிளார்க் அதைத் திரும்ப வெளியே கொண்டுவந்து போல்ட் போட்டுவிட்டார்.

குடியரசுக் கட்சி எப்பவுமே பெட்டிக்கு எதிரிதானா?

இல்லை. குடியரசுக் கட்சி ஆளும் யூட்டாவில் பல வருஷங்களாகத் தபால் ஓட்டும் பெட்டியும் சாதாரணம். 2020 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் குடியரசுக் கட்சியே தன் சொந்தப் பெட்டிகளைத் தேவாலயங்களிலும் துப்பாக்கிக் கடைகளிலும் வைத்து, "அதிகாரபூர்வமான" என்று எழுதியும் ஒட்டியது. மாநில அரசு எச்சரிக்கை அனுப்பிய பிறகு அந்த எழுத்து போனது. தனக்கு ஓட்டுக் கிடைக்கும் வழி எல்லாக் கட்சிக்கும் இனிக்கும். பெட்டிகளைக் கூட்டச் சொல்லும் ஜனநாயகக் கட்சியும் கருணையினால் மட்டும் சொல்லவில்லை.

எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் கூட நின்னு உதவலாமா?

உதவலாம். படிக்கத் தெரியாதவரோ பார்வைக் குறைவு உள்ளவரோ தனக்கு வேண்டியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு சொல்கிறது. வேலை கொடுக்கும் முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. ஹாரிஸ் கவுண்டியில் வாக்குச்சீட்டு ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், வியட்நாமிய மொழிகளில் கிடைக்கும். தமிழ் இல்லை, ஆகவே துணை தேவைப்படும்.

இந்த உரிமை டெக்சாஸில் சும்மா வந்துவிடவில்லை. 2014-இல் ஆஸ்டினுக்கு வடக்கே வில்லியம்சன் கவுண்டியில் ஒரு வங்காளி அம்மா மகனோடு வாக்களிக்கப் போனார். மொழிபெயர்ப்பவர் அதே கவுண்டியின் வாக்காளராக இருக்க வேண்டும் என்று மாநில விதி. மகனோ பக்கத்துக் கவுண்டியில் பதிவு செய்தவர். அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. அந்த விதி மத்திய சட்டத்துக்கு முரண் என்று 2017-இல் ஐந்தாவது வட்டார நீதிமன்றம் சொன்னது. ஆம், மேலே ஆளுநர் பக்கம் நின்ற அதே நீதிமன்றம்தான். உதவப் போகிறவர் படிவம் நிரப்பி உறுதிமொழி எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்பாவுக்கு 72 வயசு, ஹூஸ்டன். இப்ப அவர் என்ன பண்ணணும்?

மெயில் பேலட் விண்ணப்பத்தை வருடத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். 65 ஆனவர்கள் அந்த ஆண்டின் தேர்தல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். அடுத்த ஆண்டுக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்திலும் சீட்டு உறையிலும் ஓட்டுநர் உரிம எண், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஒன்று போதும் என்று படிவம் சொல்லும். ஆனால் பதிவு செய்தபோது எதைக் கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கிறது? எஸ்பி 1 வந்த பிறகு நடந்த முதல் தேர்தலில், 2022 மார்ச்சில், மாநிலம் முழுக்க சுமார் 24,600 தபால் ஓட்டுகள், எட்டில் ஒன்று, தள்ளுபடியாயின. பெரும்பாலும் இந்த எண் பொருந்தாததால்தான். அந்த நவம்பரில் அது மூன்று சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

உறையின் மடிப்புக்கு உள்ளே எண்ணுக்கான கட்டங்கள் இருக்கும். ஒட்டிவிட்டால் கண்ணில் படாது, முதலில் அதை நிரப்பிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பே தபாலில் சேர்த்துவிட்டு, மாநிலச் செயலர் அலுவலகத்தின் இணையதளத்தில் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். தாமதமாகிவிட்டால் நேரில் கொடுக்கலாம்: தேர்தல் நாளன்று மட்டும், வாக்குச்சாவடி திறந்திருக்கும் நேரத்தில், அடையாள அட்டையோடு, அவரே போய். அதற்கும் முடியாமல் வாக்குச்சாவடிக்கே போகிறார் என்றால் வீட்டில் இருக்கும் சீட்டைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதை ஒப்படைத்து ரத்து செய்துவிட்டு வழக்கம்போல ஓட்டுப் போடலாம். எடுத்துப் போகாவிட்டால் தற்காலிக வாக்குச்சீட்டுதான் தருவார்கள், அது எண்ணப்படுமா என்பது பிறகுதான் தெரியும்.